காந்தி கடிதத்தில் 4 லட்சம் போடலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 64. முதிர்ந்த எஃப்.டி. பணம் 4 லட்சம் இருக்கிறது. காந்தி கைப்பட எழுதி ‘பாபு’ என்று கையெழுத்திட்ட கடிதம் ஒன்று அதே விலைக்கு வருகிறது. மேலே ‘சேவாகிராம், நவம்பர் 1938’ என்று இருக்கிறது. விற்பவர் சான்றிதழும் தருகிறார். ஐந்து வருடம் கழித்து அமெரிக்காவில் இருக்கும் என் மகன் அங்கே ஏலத்தில் விற்றுத் தருவதாகச் சொல்கிறான். வாங்கலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டாம் சார். முதலில் அந்த ஊர்ப் பெயரே இடிக்கிறது. காந்தி 1936-ல் குடியேறியபோது அந்தக் கிராமத்தின் பெயர் செகாவ். ரயில் நிலையம் இருந்த ஷேகாவ் என்ற வேறோர் ஊருக்குத் தபால் மாறிப்போய்க்கொண்டிருந்ததால், 1940-ல்தான் சேவாகிராம் என்று மாற்றினார். 1938-ல் எழுதிய கடிதத்தில் அந்தப் பெயர் எப்படி வரும்? விற்பவரே கொடுக்கும் சான்றிதழை நம்பி இதில் இறங்காதீர்கள்.

சரி, அசல் என்றே வைத்துக்கொள்வோம். மகன் திட்டம் அப்போதும் நடக்காது. 75 ஆண்டு தாண்டிய, வரலாற்று மதிப்புள்ள ஆவணங்கள் 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. தனிநபர் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, மீறினால் சிறை. ஆக, வாங்குபவர் இங்கேயே கிடைக்க வேண்டும்.

இங்கே ஏலத்தில் வாங்கி விற்றாலும் செலவு கடிக்கும். ஏல விலை 4 லட்சம், அதன்மேல் வாங்குபவர் கட்டணம் 20 சதவீதம் என்றால் 4.80 லட்சம் போய்விடும். திரும்ப விற்கும்போது 10 சதவீதக் கமிஷன் என்றால், போட்ட காசு கைக்கு வரவே 5.33 லட்சத்துக்கு ஏலம் போக வேண்டும். ஜி.எஸ்.டி. தனி. ஐந்து வருட வட்டி இழப்பையும் சேர்த்துப் பாருங்கள்.

‘காந்தி கடிதம் கோடிக்குப் போகிறதே’ என்பார்கள். 2012-ல் காந்திக்கும் அவருடைய தென்னாப்பிரிக்கக் கால நண்பர் காலன்பாக்குக்கும் இடையிலான ஆவணத் தொகுப்பை லண்டன் ஏலத்துக்கு முன்பே இந்திய அரசு சுமார் 7 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது உண்மைதான். ஆனால் அது ஒரு நீண்ட நட்பின் முழுக் கட்டு. தனிக் கடிதத்தின் விலையை உள்ளே இருக்கும் விஷயம்தான் தீர்மானிக்கும். ‘உடம்பைப் பார்த்துக்கொள்’ என்ற நாலு வரியும், அரசியல் முடிவு ஒன்றை விளக்கும் பக்கமும் ஒரே விலைக்குப் போகாது. உதவியாளர் எழுதி காந்தி கையெழுத்து மட்டும் போட்டவையும் உண்டு. அவற்றுக்கு மதிப்பு இன்னும் குறைவு. வெறும் கையெழுத்து என்றால், ஹரிஜன நிதிக்கு ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு அவரே ஏராளமாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

உங்கள் வயதுக்கு இந்த 4 லட்சம் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். ஆசை விடவில்லை என்றால், போனால் போகட்டும் என்று விடக்கூடிய சிறு தொகைக்குள், உரிமம் உள்ள வியாபாரியிடம், போலி என்று தெரிந்தால் முழுப் பணமும் திருப்பித் தருவதாக பில்லிலேயே எழுதி வாங்கிக்கொண்டு ஒன்று வாங்குங்கள். அப்புறம், தயவுசெய்து அதை லேமினேட் செய்துவிடாதீர்கள்.