எல்இடி மாற்றிய பிறகும் கண் ஏன் கூசுகிறது?

கேள்வி: ஒரு பொது நூலகத்துக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். வாசிப்புக்கூடத்தில் பழைய டியூப்லைட்டுகளை எடுத்துவிட்டு எல்இடி பேனல்கள் போட்டுச் சில மாதங்கள் ஆகின்றன. வெளிச்சம் கூடியிருக்கிறது. ஆனால் கண் கூசுகிறது, தலை வலிக்கிறது என்று வாசகர்கள் தினமும் புகார் சொல்கிறார்கள். மின்கட்டணமும் சொன்ன அளவுக்குக் குறையவில்லை. ஏசி ஓடினாலும் ஜன்னலோரம் வெக்கை, நடுவில் உட்காருபவர்களுக்குக் குளிர். ஆலோசகர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, கூடுதல் பேனல்கள், மின்சேமிப்புப் பெட்டி, ஜன்னலுக்குக் கறுப்பு ஃபிலிம், பெரிய ஏசி என்று பட்டியல் கொடுத்திருக்கிறார். எதை முதலில் செய்யலாம்?

பதில்: அந்தப் பட்டியலில் உள்ள எதையும் வாங்காதீர்கள். வந்து பார்த்தவர் ஒரு மேசையிலாவது உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்து பார்த்தாரா? பார்த்திருந்தால் கூடுதல் பேனல் என்று எழுதியிருக்க மாட்டார்.

கண் கூசுவது வேறு, தலை வலிப்பது வேறு. முதலில் தலைவலி. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவான எல்இடி விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி மங்கிப் பிரகாசிக்கும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 120 முறை. கண்ணுக்கு அது தெரியாது, ஆனால் மூளைக்கு அந்தத் துடிப்பு எட்டிவிடுகிறது. பழைய சோக் போட்ட டியூப்லைட்டும் துடித்தது. ஆனால் அதன் உட்பூச்சு சற்று நேரம் மினுங்கிக்கொண்டே இருப்பதால் முழுக்க இருண்டுவிடாது. மட்டமான எல்இடி கிட்டத்தட்ட முழுக்க அணைந்து எரியும். இது ஏதோ புதிய கண்டுபிடிப்பும் இல்லை. பிரிட்டிஷ் உளவியலாளர் ஆர்னால்ட் வில்கின்ஸ் குழுவினர் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், அலுவலக டியூப்லைட்டுகளைத் துடிப்பில்லாமல் எரிய வைத்தபோது தலைவலியும் கண்வலியும் பாதிக்கும் கீழே இறங்கின. இத்தனை வருஷம் கழித்தும் டெண்டரில் '36 வாட், சதுர பேனல், குறைந்த விலை' என்று மட்டும்தான் எழுதுகிறோம்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இருட்டிய பிறகு, மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ஒரு பேனலுக்கு அடியில் நின்று பென்சிலை வேகமாக இடமும் வலமும் ஆட்டுங்கள். ஒரே மங்கலான பட்டையாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனிப் பென்சில்களாக அடுக்கித் தெரிந்தால் துடிப்பு இருக்கிறது. செல்பேசியில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்தாலும் கறுப்புப் பட்டைகள் ஓடுவது தெரியும். எந்தெந்த பேனல் மோசம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். கெட்டது பேனல் அல்ல, பெரும்பாலும் அதன் டிரைவர். பேனலை இறக்கிப் பார்த்தால் பின்னால் வயரில் தொங்கும் சின்னப் பெட்டிதான் அது. மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. மேலே ஒட்டியிருக்கும் தாளில் எத்தனை மில்லிஆம்பியர், எத்தனை வோல்ட் என்று இருக்கும். அதே அளவில், துடிப்பில்லாத டிரைவர் வாங்கி எலெக்ட்ரீஷியனை வைத்து மாற்றினால் போதும். வாங்கும்போது 'ஃப்ளிக்கர் ஃப்ரீ' என்று அட்டையில் அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள். சோதனை அறிக்கையில் பிஎஸ்டி எல்எம் 1-ஐத் தாண்டக்கூடாது, எஸ்விஎம் 0.4-க்குள் இருக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டும் துடிப்பை அளக்கும் எண்கள், அதற்கு மேல் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. கேட்டவுடன் விற்பவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். 50,000 மணி நேர ஆயுள் என்பார்கள். அது எல்இடி சில்லுக்குச் சொல்லும் கணக்கு, அதுவும் வெளிச்சம் 70 சதவீதமாகக் குறையும் வரைக்கும். கூரைச் சூட்டில் வேகும் டிரைவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

டிரைவரில் கை வைப்பதற்கு முன் இன்னொன்றைப் பாருங்கள். கூடத்தில் சீலிங் ஃபேன் இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் பழைய கட்டடங்களில் பெரும்பாலும் இருக்கும். டியூப்லைட் சுவரில் இருந்தவரை தொந்தரவு இல்லை. பேனலைக் கூரையில், ஃபேன் இறக்கைக்கு மேலே பொருத்தியிருந்தால் ஒவ்வொரு இறக்கையும் வெளிச்சத்தை வெட்டிக்கொண்டே போகும். மூன்று இறக்கை, நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் நொடிக்கு 15 வெட்டு. மனிதக் கண்ணையும் மூளையையும் அதிகமாகத் தொந்தரவு செய்யும் வேகம் ஏறக்குறைய அதுதான். வலிப்பு நோய் உள்ள சிலருக்கு ஆபத்தும்கூட. இதற்கு டிரைவர் மாற்றிப் பயனில்லை. பேனலைத் தள்ளி வைக்க வேண்டும், அல்லது இறக்கை மட்டத்துக்குக் கீழே தொங்கவிட வேண்டும். காகிதத்தில் விளக்குக்கு ஒரு வரைபடம், ஃபேனுக்கு ஒரு வரைபடம், இரண்டையும் வெவ்வேறு ஆள் போட்டால் இப்படித்தான் முடியும்.

அப்புறம் கூச்சம். மேசையில் புத்தகம் வைக்கும் இடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை மல்லாக்கப் போடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, படிக்கிற மாதிரி குனிந்து பாருங்கள். கண்ணாடியில் பேனல் தெரிகிறதா? அப்படியென்றால் வழவழப்பான தாளிலும் அந்த வெளிச்சம் பட்டுத் தெறித்து நேராகக் கண்ணுக்கு வருகிறது. மேசையைத் திருப்பினாலோ ஓரடி தள்ளினாலோ பாதி இடங்களில் இது தீர்ந்துவிடும். செலவில்லாத வேலை, அதனால்தான் எந்த ஆலோசகரும் சொல்வதில்லை. தீராத இடங்களில் பேனல் முகப்பை மாற்ற வேண்டும். வெறும் பால் நிறத் தகட்டுக்குப் பதில், ஒளியைக் கீழ்நோக்கித் திருப்பும் நுண்பட்டகத் தகடு. படிக்கும் இடத்துக்கு யூஜிஆர், அதாவது கூச்சத்தை அளக்கும் எண், 19-ஐத் தாண்டக்கூடாது என்பது நடைமுறை அளவு. ஆனால் அது பேனலுக்கு மட்டுமான எண் அல்ல. அறையின் அளவு, சுவரின் நிறம், நீங்கள் உட்காரும் திசை எல்லாம் சேர்ந்து வருவது. அட்டைப் பெட்டியில் யூஜிஆர் 19 என்று போட்டிருப்பது உங்கள் கூடத்துக்குக் கொடுத்த வாக்குறுதி ஆகாது.

வெளிச்சம் எவ்வளவு வேண்டும்? ஓர் இடத்தின்மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். மேசைமேல் 500 லக்ஸ், புத்தக அலமாரியில் 200, நடைபாதையில் 100. அவ்வளவுதான். ஒரு லக்ஸ் மீட்டரைக் கடன் வாங்கி மேசை மேசையாக அளந்து எழுதுங்கள். ஆலோசகர் கொடுக்கும் 'கூடத்தின் சராசரி' என்ற ஒற்றை எண்ணை ஒதுக்கிவிடுங்கள். ஒரு மேசையில் 900, இன்னொன்றில் 200 என்றால் சராசரி அழகாகத்தான் வரும். 900 இருக்கும் இடத்தில் ஒரு பேனலைக் கழற்றுங்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் கூடுதல் பேனல் விற்க இதைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். வயதானவர்களுக்கு அதிக வெளிச்சம் வேண்டும் என்பது உண்மை. இருபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போகிறது. உங்கள் காலை நேர வாசகர்களில் பலர் அந்த வயதுக்காரர்களாக இருப்பார்கள். ஆனால் அதே கண்ணுக்குத்தான் கூச்சமும் அதிகம். லென்ஸ் மங்கத் தொடங்கியவர்களுக்கு, பக்கவாட்டிலிருந்து வரும் ஒளி உள்ளேயே சிதறி எழுத்தை வெளுக்க வைத்துவிடும். ஆகவே கூடம் முழுக்க வெளிச்சத்தைக் கூட்டினால் அவர்களுக்குத்தான் முதலில் கஷ்டம். அவர்களுக்கு வேண்டியது தாளின்மேல் வெளிச்சம். நாலைந்து மேசைகளில் மட்டும் மேசை விளக்கு வையுங்கள். பல்பு கண்ணுக்கு நேராகத் தெரியாதபடி ஆழமான மூடி உள்ளதாக இருக்கட்டும். எழுதும் கைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒளி விழட்டும். இல்லையென்றால் கை நிழலே எழுத்தை மறைக்கும். கழுத்து வளையும்படி, அடிப்பாகம் மேசையோடு முடுக்கியதாக வாங்குங்கள். சுவிட்ச் விளக்கிலேயே, கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். அந்தத் தாளில் 750 முதல் 1,000 லக்ஸ் வரை வரலாம், தப்பில்லை. இது அந்த நாலைந்து மேசைகளுக்கு மட்டும். அதைக் காட்டிக் கூடத்துக்கே 1,000 லக்ஸ் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மின்கட்டணத்துக்கு வருவோம். சுவிட்ச் போர்டைப் போய்ப் பாருங்கள். முன்பு ஜன்னலோர வரிசைக்குத் தனி சுவிட்ச் இருந்திருக்கும். பகலில் அதை அணைத்து வைப்பீர்கள். புதிய வேலையில் வயரை மிச்சம் பிடிக்க எல்லா வரிசையையும் ஒரே சுவிட்சில் இணைத்திருப்பார்கள். இப்போது நட்டநடு வெயிலிலும் ஜன்னலோர விளக்குகள் எரிகின்றன. ஜன்னலுக்கு இணையாகப் போகும் ஒவ்வொரு வரிசைக்கும் தனி சுவிட்ச் கேளுங்கள். விளக்கில் ஒரு யூனிட் மிச்சமானால், ஏசி வெளியேற்ற வேண்டிய வெப்பமும் குறைவதால் அங்கேயும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு யூனிட் மிச்சமாகும்.

மின்சேமிப்புப் பெட்டி என்பது சுத்த ஏமாற்று. திறந்து பார்த்தால் ஒரு கெப்பாசிட்டர், ஒரு பச்சை விளக்கு, எடை வருவதற்கு எதையாவது போட்டு அடைத்திருப்பார்கள். வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டி ஆம்பியர் குறைவதைக் காட்டி மயக்குவார்கள். மீட்டரில் ஓடுவது ஆம்பியர் அல்ல, யூனிட், அது குறையாது. 'பெட்டி இலவசம், சேமிப்பில் எங்களுக்குப் பங்கு கொடுத்தால் போதும்' என்று வருபவரிடம் இன்னும் ஜாக்கிரதை. பழைய செலவை எதை வைத்துக் கணக்கிட்டார் என்று கேளுங்கள். தினமும் எட்டு மணி நேரம் எரிந்த விளக்கைப் பன்னிரண்டு மணி நேரம் எரிந்ததாக எழுதிவிட்டால், நடக்காத சேமிப்புக்கும் நீங்கள் வருஷக்கணக்கில் பங்கு கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஜன்னலோர வெக்கைக்குக் காரணம் காற்றின் சூடு அல்ல. சாதாரணத் தெளிந்த கண்ணாடி, மேலே விழும் வெயில் சூட்டில் சுமார் 80 சதவீதத்தை உள்ளே விடும். அது நேரடியாக உடம்பில் படுகிறது. ஏசியை எவ்வளவு குறைத்து வைத்தாலும் அந்த வாசகருக்குச் சுடத்தான் செய்யும். நடுவில் இருப்பவர்தான் நடுங்குவார். பெரிய ஏசி போட்டால் நடுக்கம் கூடும். கறுப்பு ஃபிலிம் வெப்பத்தைத் தானே உறிஞ்சிக் கண்ணாடியைச் சுட வைக்கும். கூடவே பகல் வெளிச்சத்தையும் அடைத்து விளக்கைப் போட வைக்கும். வெயில் கண்ணாடியைத் தொடும் முன்னே தடுக்க வேண்டும். வெளிப்பக்கம் சாய்வுத் தகடு, மறைப்பு, தட்டி எதுவானாலும் சரி. உள்ளே போடும் திரை, வெப்பம் உள்ளே வந்த பிறகு பிடிக்கும் வேலையைத்தான் செய்யும். பிறகு ஏசியை இரண்டு டிகிரி உயர்த்தி ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். நொடிக்கு 0.8 மீட்டர் காற்றோட்டம் இருந்தாலே அந்த இரண்டு டிகிரியை யாரும் உணர மாட்டார்கள். எல்லாரும் திருப்தியாக இருக்கும் வெப்பநிலை கிடையாது. நன்றாக அமைத்த அறையிலும் நூற்றுக்கு ஐந்து பேர் குறை சொல்வார்கள் என்பது இந்தத் துறையில் ஒப்புக்கொண்ட கணக்கு.

ஒரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பத்து டிரைவர் வேண்டும் என்று எழுதினால் அது பராமரிப்புச் செலவு. கோப்பு மேசை மேசையாக அலையும். நாற்பது புதிய பேனல் என்றால் அது திட்டம். உடனே ஒப்புதல் வரும், திறப்பு விழாவும் நடக்கும். மின்கட்டணம் கட்டுவது ஒரு பிரிவு, விளக்கு வாங்குவது வேறு பிரிவு என்பதால், நீங்கள் மிச்சப்படுத்துவது யாருடைய கணக்கிலும் நல்ல பெயராக ஏறுவதில்லை. பழுதுகூட இல்லாத பொருளைப் பிடுங்கிவிட்டுப் புதிது போடுவதற்கு இந்த முறையே கதவைத் திறந்துவிடுகிறது.

ஆகையால் கடிதத்தில் 'டிரைவர் பழுது' என்று எழுதாதீர்கள். 'புதிய விளக்குகளின் குறைபாடு' என்று எழுதி, உத்தரவாதக் காலம் முடியும் முன் பேனல் போட்டவருக்கே அனுப்புங்கள். ஸ்லோமோஷன் வீடியோவையும் மேசைவாரி லக்ஸ் அளவையும் இணையுங்கள். கடைசித் தவணை இன்னும் நிலுவையில் இருந்தால், இருட்டிய பிறகு, உங்கள் முன்னிலையில் அவர் ஒவ்வொரு மேசையையும் அளந்து கையெழுத்திடும் வரை அதைக் கொடுக்காதீர்கள்.