காசு போட்டால் எரியும் அடுப்பு

கேள்வி: சோர் பஜாரில் ‘ஷில்லிங்’ என்று பொறித்த, காசு போடும் துளையுள்ள இரும்பு மீட்டரைப் பார்த்தேன். என்ன அது? வாங்கலாமா?
– ஒரு வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: பல்சக்கரங்கள் முழுசாக இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள் அம்மா! பிரிட்டனில் வீட்டு எரிவாயுவுக்கு வைத்த மீட்டர் அது. 1880களின் இறுதியில், ஷில்லிங்கைவிடச் சிறிய பிரிட்டிஷ் காசான பென்னி போடும் மீட்டராக வந்தது. மூன்று மாத பில்லை மொத்தமாகக் கட்ட முடியாத கூலிக்காரர் வீட்டிலும் கேஸ் அடுப்பு எரிந்தது இதனால்தான். எனக்கு இதன் மேல் அவ்வளவு மரியாதை. காசைப் போட்டுத் திருகினால் வால்வு திறக்கும். வாயு ஓட ஓடச் சக்கரம் பின்னால் நகர்ந்து, காசுக்குரியது தீர்ந்ததும் மூடிவிடும். அடுப்பை மூடாமல் அடுத்த காசைப் போட்டால், அணைந்த பர்னரில் வாயு கசியும் ஆபத்தும் இருந்தது. அப்புறம், தயவுசெய்து அதைச் சிலிண்டரோடு இணைத்துப் பார்க்காதீர்கள்.