450 என்று எழுதியிருக்கிறதே, போதாதா?

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: பழைய கணினி, கையில் கொஞ்சம் பணம், வாங்க நினைக்கும் ஒரு கிராபிக்ஸ் கார்டு, உள்ளே இருக்கும் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) அதைத் தாங்குமா? கார்டைப் பற்றிப் பத்து நாள் விசாரிப்பவர்கள் எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு லேபிளை ஒரு முறைகூடக் குனிந்து பார்ப்பதில்லை. இது என் நெடுநாள் மனக்குறை.

அண்ணன் பயன்படுத்திய கணினி எனக்கு வந்திருக்கிறது. ஐ5-4570, எஸ்எம்பிஎஸ் 450 வாட். ஜிடிஎக்ஸ் 1650 பழையது ஒன்று விலைக்கு வருகிறது. 450 போதும்தானே?
(கல்லூரி மாணவர், அம்பாசமுத்திரம்)

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே கொட்டை எழுத்தில் 450. அதற்குக் கீழே கட்டம் கட்டமாகப் பொடி எழுத்து. அதில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்கு நேரே 16 ஆம்பியர் என்று இருக்கிறது. தம்பி, நீங்கள் பார்க்க வேண்டியது அந்த 16-ஐத்தான். 12-ஐ 16-ஆல் பெருக்குங்கள்: 192 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட் வரிசையிலிருந்தே மின்சாரம் எடுக்கின்றன. 450-இல் மீதியெல்லாம் 3.3, 5 வோல்ட் வரிசைகளின் கணக்கு. உங்கள் கார்டுக்கு அதனால் பயனில்லை.

இப்போது செலவைப் பார்ப்போம். உங்கள் பிராசஸருக்கு 84 வாட், 1650-க்கு 75, ஹார்டு டிஸ்க், விசிறிகள், மதர்போர்டு என்று இன்னொரு 25. மொத்தம் 184. தாளில் இடம் இருக்கிறது. ஆனால் இது விளிம்பு தளும்ப நிறைத்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறுவதுபோல. வருடக்கணக்காக ஓடிய எஸ்எம்பிஎஸ்ஸில், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்கள் தளர்ந்திருக்கும். நம் ஊர் சித்திரை வெயிலில், மின்விசிறி மட்டும் ஓடும் அறையில், அது லேபிளில் சொன்ன அளவைக் கொடுக்கும் என்று நான் நம்ப மாட்டேன். விளையாட்டின் நடுவே கணினி அணைவதோடு நின்றால் நல்லது. மலிவான எஸ்எம்பிஎஸ் போகும்போது சில நேரம் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

இன்னொன்று. 1650-இல் இரண்டு வகை உண்டு. ஒன்று மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே முழு மின்சாரத்தையும் எடுத்துக்கொள்ளும். ஸ்லாட் தரக்கூடிய உச்சம் 75 வாட். மற்றதற்குத் தனியாக 6 பின் கனெக்டர் வேண்டும், உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் அது கிடையாது. ஆகவே வாங்குமுன் கார்டின் ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். என் யோசனை: முதலில் 80 பிளஸ் சான்று (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான சான்று) பெற்ற, 12 வோல்ட்டில் 30 ஆம்பியருக்கு மேல் தரும் எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள். கார்டு அடுத்த மாதம் வரட்டும். நல்ல எஸ்எம்பிஎஸ் அடுத்த கணினிக்கும் கூட வரும்.

திருமண வீடியோ எடிட்டிங் செய்கிறோம். 300 வாட் எஸ்எம்பிஎஸ் உள்ள பெரிய நிறுவனத்துக் கணினி. ஜிடி 1030 போட்டால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குச் சுமையே இல்லை என்கிறார்கள். வாங்கலாமா?
(ஸ்டூடியோ உரிமையாளர், வள்ளியூர்)

சுமை இல்லை என்பது உண்மை. 30 வாட்தான் எடுக்கும். ஆனால் உங்கள் தொழிலுக்கு அது ஆகாது. அந்த கார்டில் வீடியோவை என்கோடு செய்யும், அதாவது சுருக்கிக் கோப்பாக்கும், சில்லுப் பகுதியே இல்லை. எடிட் முடித்து ஏற்றுமதி செய்யும்போது பாரம் முழுவதும் பிராசஸர் தலையில்தான் விழும். ஆர்எக்ஸ் 6400-க்கும் (53 வாட்) இதே குறை.

உங்களுக்குப் பொருத்தமானது ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை. 2024-இல் வந்தது, 70 வாட், பெரும்பாலான மாடல்களில் தனி கனெக்டர் தேவையில்லை. பில் போடும் முன் 6 ஜிபி என்பதை இரண்டு முறை உறுதி செய்யுங்கள். அதே பெயரில் வரும் 8 ஜிபி கார்டு 130 வாட் கேட்கும், தனி கனெக்டரும் கேட்கும். உங்கள் 300 வாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று நினைக்கிறேன். அலுவலகக் கணினிகளில் வரும் எஸ்எம்பிஎஸ்கள் எண்ணில் சிறியவை, ஆனால் அந்த எண்ணின் பெரும்பகுதி 12 வோல்ட்டிலேயே கிடைக்கும். மேலே தம்பி வைத்திருக்கும் 450-ஐவிட இந்த 300 பலசாலி. லேபிளை மட்டும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020, சிறிய கேபினெட். பெரிய எஸ்எம்பிஎஸ் மாற்ற முடியுமா?
(பாளையங்கோட்டை)

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அளவும் வேறு, மதர்போர்டுக்குப் போகும் கனெக்டரும் வழக்கமான 24 பின் அல்ல, 8 பின். உள்ளே இருக்கும் 255 வாட்டோடு வாழப் பழகுவதே நல்லது. குட்டை உயரமும் ஒற்றை ஸ்லாட் தடிமனும் உள்ள கார்டு தேடுங்கள். டி600 என்ற என்விடியா கார்டு 40 வாட்தான். கார்டைக் கேபினெட்டோடு திருகும் உலோகப் பட்டியும் குட்டையாக வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

6 பின் இல்லை என்றதற்கு, ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா வயரிலிருந்து 6 பின் எடுக்கும் அடாப்டர் கொடுத்தார்கள். பயன்படுத்தலாமா?
(மேலப்பாளையம்)

வேண்டாம். கழற்றி எடுத்துவிடுங்கள். சாட்டா கனெக்டர் 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியருக்காகச் செய்யப்பட்டது. அதாவது 54 வாட். 6 பின் வழியாக ஒரு கார்டு 75 வாட் வரை இழுக்கலாம். சில வருடங்களுக்கு முன் என் மேசைக்கு வந்த ஒரு கணினியைத் திறந்ததும் எரிந்த பிளாஸ்டிக் நெடி முகத்தில் அடித்தது. சாட்டா கனெக்டரின் கறுப்பு மூடி உருகி, மஞ்சள் வயரைச் சுற்றிப் பழுப்பு மெழுகுபோல உறைந்திருந்தது. பக்கத்திலேயே அந்த வீட்டுப் பிள்ளையின் கட்டில் இருந்தது என்றார்கள். அந்த நெடியை நான் மறக்கவில்லை.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் அடிக்கிறது. புதிய கார்டு போட்டதிலிருந்துதான் கவனிக்கிறேன். கார்டு கோளாறா?
(ரத வீதி, திருநெல்வேலி டவுன்)

கார்டின்மேல் பழி போடாதீர்கள். உங்கள் பழைய வீட்டு பிளக்கில் மூன்று ஓட்டை இருந்தும் எர்த் வயர் வந்திருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் கேபினெட்டோடு சேர்ந்திருக்கும். எர்த் இல்லாதபோது அவற்றின் வழியாகக் கேபினெட்டில் 230-இல் பாதியளவு வோல்ட் தேங்கி நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு போகிறது. ஆனால் அந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் புதிய கார்டின் போர்ட் எரிந்துபோகலாம். எலக்ட்ரீஷியனை அழைத்து முறையான எர்த் போடுங்கள். நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்குக்குள் ஒட்டிக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் அனுமதிக்காதீர்கள். நியூட்ரல் அறுந்தால் கேபினெட் முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும்.

ஆடிக் காற்றில் செம்மண் தூசி எல்லாம் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் போய்விட்டது. திறந்து துடைக்கலாமா?
(ராதாபுரம்)

திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் தங்கும். வயரைக் கழற்றிவிட்டு, கேபினெட்டை முற்றத்துக்கு எடுத்துப் போய், விசிறி சுழலாதபடி ஒரு குச்சியால் தடுத்துக்கொண்டு, ப்ளோயரால் வெளியிலிருந்தே ஊதுங்கள். மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.