யெஸ்டில சைலன்சர் பிராக்கெட் திரும்பத் திரும்ப ஒடையுது, தடிமனா பிளேட் வச்சு அடிக்கலாமா?

அம்பாசமுத்திரத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. அப்பா ஓட்டுன யெஸ்டி ரோட்கிங் பைக்கு, 1991 மாடல், டிஎன் 72 நம்பர். மட்கார்ட வெட்டி சீட்ட சின்னதாக்கி கஃபே ரேசர் மாதிரி பண்ணிட்டு, ரெண்டு பக்கமும் இருந்த நீள சைலன்சரையும் கழட்டிட்டு, யமஹா ஆர்எக்ஸ் 100-க்குனு விக்கிற, சேம்பர்னு சொல்லுத வயிறு வீங்குன சைலன்சர் ரெண்டு வாங்கி மாட்டியிருக்காரு. பின் பிராக்கெட்டு மூணு தடவ ஒடஞ்சுபோச்சாம், சிலிண்டர் வாயில இருக்கிற நட்டு லூசாகி கருப்பா எண்ணெ வடியுதாம். பட்டறைல 8 மில்லி பிளேட்ட வச்சு அடிச்சுரலாம்ங்காவளாம். இதுக்கெடையில ஒரு ஏஜென்ட்டு, "வின்டேஜ் ஆர்சி, அதான் பழங்கால வண்டிக்குள்ள பதிவு புக்கு, எடுத்துத் தாரேன், பொறவு எவனும் வண்டிய மறிக்க முடியாது"ன்னு 25,000 ரூவா கேட்டிருக்காரு.

தம்பி, மொதல்ல அந்த தடிமன் பிளேட்ட மறந்துருங்க. உங்க பிராக்கெட்டு பலம் பத்தாம ஒடையல, அசையுததுக்கு எடம் இல்லாம ஒடையுது. இரும்பு சூடானா நீளும், ஒரு மீட்டர் பைப்புல 300 டிகிரி சூடு ஏறுனா கிட்டத்தட்ட 3.5 மில்லிமீட்டர் நீளும். முன்னால சிலிண்டர்ல நட்டு போட்டு இறுக்கியாச்சு, பின்னால சேசிஸோட இரும்புக்கு இரும்பா போல்ட்டு போட்டு முறுக்கியாச்சு, அப்ப அந்த மூணரை மில்லி எங்கன போவும்? வெல்டிங் ஓரத்துலதான் போயி நெருக்கும். அதுபோக 250 சிசி ஒத்த பிஸ்டன் அடிக்கிற அடி வேற. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, வெல்டு முடியுத எடத்துல மயிரிழையா ஒரு கீறல் விட்டு, அது பைய ஓடி, ஒருநாள் பள்ளத்துல எறங்கும்போது கையோட வந்துரும். 8 மில்லி பிளேட்டு வச்சா பிராக்கெட்டு ஒடையாது, நெசந்தான், அதுக்குப் பதிலா சைலன்சர் தகடு கிழியும், இல்ல சேசிஸ் குழாயில கீறல் விழும். தகடு போனா மாத்திக்கிடலாம். சேசிஸ் போனா அந்த நம்பரு அடிச்ச குழாய எங்க போயி வாங்குவிய? மைசூர்ல யெஸ்டி செஞ்ச ஐடியல் ஜாவா கம்பெனி மூடி 1996-லயே கத முடிஞ்சுபோச்சு.

அதனால வேலைய ஆரம்பிக்கும் முன்னால, பழைய வெல்டு இருந்த எடத்துல சேசிஸ் குழாய நல்லா பெயிண்ட் சுரண்டி, மண்ணெண்ணெய தடவி, கால் மணி நேரம் விட்டு, காஞ்ச துணியால சுத்தமா தொடச்சுட்டு, மேல சாக்பீஸ் பொடிய பூசுங்க. கீறல் இருந்தா உள்ள போன மண்ணெண்ணெ கசிஞ்சு வெள்ளைல கோடு மாதிரி நனைஞ்சு தெரியும். கோடு தெரிஞ்சா நல்ல டிக் (ஆர்கான் வாயு) வெல்டர்ட்ட காட்டாம ஒரு போல்ட்டு கூட போடாதீங்க.

இப்ப மாட்டுத முற. சைலன்சர் முன்னால மட்டுந்தான் கெட்டியா நிக்கணும், பின்னால தொட்டில் மாதிரி தொங்கணும். பழைய பிராக்கெட்ட மொத்தமா கழட்டிருங்க. வாயில புது கேஸ்கெட் வளையத்த போட்டு பைப்ப உள்ள வச்சு, நட்ட கையால மட்டும் சுத்தி விடுங்க. பைப்புக்கும் சைலன்சருக்கும் நடுவுல இருக்கிற கிளாம்பும் லூசாவே இருக்கட்டும். இப்ப சைலன்சர கைய விட்டுட்டு, அது தானா எங்கன நிக்குதோ அந்த எடத்துக்குத்தான் பிராக்கெட்டு செய்யணும், பிராக்கெட்டு இருக்கிற எடத்துக்கு சைலன்சர இழுக்கக் கூடாது. சரியா வந்திருக்கான்னு பாக்க மீட்டரு ஒண்ணும் வேண்டாம், பின் போல்ட்ட ரெண்டு விரலால தள்ளுனா ஓட்டைக்குள்ள வழுக்கிட்டுப் போவணும். ஸ்க்ரூ டிரைவர விட்டு நெம்பி ஓட்டைய நேராக்குதீங்கன்னா, அந்த நெம்பல் அம்புட்டும் வெல்டுல குடியிருக்குன்னு அர்த்தம், வண்டி ஓடாம நின்னாலும் அது இழுத்துக்கிட்டேதான் இருக்கும்.

போல்ட்டு நேரா இரும்புல ஒக்காராம ரப்பர் புஷ்ஷுல ஒக்காரணும். புஷ்ஷுக்கு நடுவுல இரும்பு ஸ்லீவ் இருக்கணும், அது முக்கியம், ஸ்லீவ் இல்லாம வெறும் ரப்பர வச்சு முறுக்குனா ரப்பர் நசுங்கிப் பிதுங்கி மறுபடி இரும்புக்கு இரும்பாயிரும். லாரி ட்யூப வெட்டி ரெண்டு துண்டு சொருகி விடுதாவ பாருங்க, அது ஊரு போய்ச் சேர மட்டுந்தான். ரப்பர வால் பக்கமா தள்ளி வைங்க, வயித்துக்கிட்ட வச்சா வெந்துரும். சைலன்சர் தகட்டுல நேரா தடிச்ச பிளேட்ட ஒட்டாம, அதே கனத்துல மூலைய உருட்டுன ஒரு தகட மொதல்ல ஒட்டு மாதிரி சுத்தி வெல்டு வச்சு, அதுக்கு மேல பிராக்கெட்ட வைங்க. உள்ள நைலான் வளையம் வச்ச நைலாக் நட்டு சூடு இல்லாத சேசிஸ் பக்கத்துக்கு மட்டும்.

எண்ணெ வடியுத விஷயத்துக்கு வாரேன், இதுலதான் எனக்கு ஆத்திரமே வரும். யெஸ்டி நட்டு சுத்திவர பள்ளம் உள்ள நட்டு, அதுக்கு சி ஸ்பேனர்னு ஒண்ணு இருக்கு. அத வாங்கி வைக்காம உளிய வச்சு சுத்தியலால தட்டி இறுக்குதாவ. ஒவ்வொரு தட்டுக்கும் நட்டோட பல்லு மழுங்கும், சிலிண்டர்ல மரை தேயும். மரை போன வண்டிய கொண்டு போனா அடுத்தவன், "நட்டோட சேத்து ஒரு பொட்டு வெல்டு வச்சா ஆயுசுக்கும் லூசாவாது"ம்பான். வைக்க விட்டுராதீங்க தம்பி! அது வார்ப்பு இரும்பு சிலிண்டர். சூடு பண்ணாம பொட்டு வச்சா பக்கத்துலயே வெடிப்பு விடும். மரை கொஞ்சமா தேஞ்சிருந்தா லேத்துல மரை சுத்தம் பண்ணி அதுக்கேத்த நட்டு கடைஞ்சு தருவாவ, அதுக்கு ஆள் இருக்கு. மாட்டுன பொறவு பாபநாசம் வர ஒரு ஓட்டம் போயிட்டு வந்து, சூடு ஆறும் முன்னாலயே சி ஸ்பேனர வச்சுப் பாருங்க, இன்னும் கொஞ்சம் ஏறும்.

சேம்பரு. நேரா சொல்லுதேன், அது உங்க வண்டிக்கு உள்ளது இல்ல. டூ ஸ்ட்ரோக்குல சைலன்சரும் எஞ்சினோட பாகம்தான். வெளிய போற புகையோட அழுத்தம் அலையா ஓடி, கடைசில உள்ள கூம்புல மோதித் திரும்பி வந்து, வெளிய தப்பிச்ச புது பெட்ரோல் காத்த போர்ட், அதான் சிலிண்டர்ல புகை வெளிய போற ஓட்டை, மூடுததுக்குள்ள திரும்ப உள்ள தள்ளணும். கிழக்கு ஜெர்மனில எம்இசட் பைக் கம்பெனில வால்டர் காடன் 1950-கள்ல ஒக்காந்து உருவேத்துன வித்த இது. அந்த அலை எப்ப திரும்பும்ங்கிறது பைப்பு நீளத்துல இருக்கு. ஒரே போர்ட்ட வச்சு மெக்கானிக்குங்க போடுத கணக்குல 9000 ஆர்பிஎம்முக்கு 34 இன்ச் வந்தா, 5000-க்கு 61 இன்ச் வரும். 100 சிசில வேகமா சுத்துத எஞ்சினுக்கு செஞ்ச குட்டச் சேம்பர, மெதுவா சுத்துத நீள ஸ்ட்ரோக் யெஸ்டில மாட்டுனா சத்தம் வரும், இழுவை போயிரும். இத விக்கிறவன் ஒருத்தனும் உங்க போர்ட்ட அளந்து பாத்து விக்கல. அதுலயும், "பழைய சைலன்சர குடுங்க, வெலைல கழிச்சுக்கிடுதேன்"னு கேட்டா அந்தானைக்கு எந்திரிச்சு வந்துருங்க. அவனுக்கு வேண்டியதே அந்த ஒரிஜினல் ஜோடிதான், இன்னைக்கு புதுசா வாரது பாதி மெல்லிசு தகடு. உங்ககிட்ட இருந்தா கரி எடுத்து அதையே மாட்டுங்க.

இனி ஏஜென்ட். அவரு சொல்லுத வின்டேஜ் ரூல் நெசமாவே இருக்கு, அதனாலதான் ஆளுக ஏமாறுதாவ. 2021 ஜூலைல மத்திய அரசு கொண்டாந்தது, புதுப் பதிவுக்கு 20,000 ரூவா ஃபீஸ், நம்பர்ல விஏ எழுத்து வரும். அந்த 20,000-ங்கிற எண்ணக் காட்டித்தான் மேல 5,000 வச்சு உங்ககிட்ட கேக்காரு. ஆனா வண்டி மொதப் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும். உங்களது 1991, 2041 வர காத்திருக்கணும். தாத்தா வச்சிருந்த 1970 ஜாவா ஒண்ணு கெடந்தா அதுக்குக் கெடைக்கும், ஆனா அதுவும் சேசிஸ், பாடி, எஞ்சின்ல பெரிய மாத்தம் இல்லாம ஒரிஜினலா இருந்தாத்தான். மட்கார்ட வெட்டி சேசிஸ கொறச்ச வண்டிக்கு 50 வயசு ஆனாலும் கெடையாது. கெடச்சாலும் கண்காட்சி, வின்டேஜ் ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு மட்டுந்தான் ரோட்டுல எறக்கலாம், தெனமும் அம்பைல இருந்து வேலைக்கு ஓட்ட முடியாது. ஆகமொத்தம் வின்டேஜ் நம்பர் எடுத்தா வண்டிய மாத்த முடியாது, மாத்துன வண்டிக்கு வின்டேஜ் நம்பர் இல்ல. எந்தப் பக்கம் போனாலும் அவரு விக்கிற சாமான் உங்களுக்கு ஆவாது.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, கம்பெனி கொடுத்த அமைப்ப மாத்துனா மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு, 182ஏ-படி ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூவா அபராதம், இல்ல ஆறு மாசம் வர ஜெயிலு, ரெண்டும் சேத்தும் போடலாம். சத்தத்துக்கு 190-ல தனியா 10,000 வர போடலாம். இத வாங்கி மாட்டுன பையன ரோட்டுல நிறுத்திப் பிடிக்காவ, கடைல வரிசையா தொங்கவிட்டு விக்கிறவன்ட்ட ஒரு கேள்வி கெடையாது. இந்தத் திருத்தம் செய்யலாம், இது கூடாதுன்னு கவுண்டர்ல தெளிவா தமிழ்ல ஒரு தாள் ஒட்ட இத்தன வருஷத்துல ஆள் இல்ல, அந்த எடைவெளிலதான் ஏஜென்ட்டு சேர் போட்டு ஒக்காந்திருக்கான். 15 வருஷம் தாண்டுனா வண்டி கண்டம்னு பயமுறுத்துவான், அதுவும் பொய்யி, சோதனைக்குக் காட்டி அஞ்சு அஞ்சு வருஷமா ஆர்சி புதுப்பிக்கலாம்.

உங்க ஆர்சிய 2006, 2011, 2016, 2021-னு ஒழுங்கா புதுப்பிச்சிருந்தா அடுத்தது 2026-ல வரும். தேதிய புக்குல பாருங்க, தாண்டியிருந்தா தாமதக் கட்டணம் ஏறும். ஏஜென்ட்டுட்ட புக்கக் குடுத்திருந்தா இன்னைக்கே வாங்கிருங்க. வெட்டுன மட்கார்டுக்குப் பதிலா முழு மட்கார்ட மாட்டி, ஒரிஜினல் சைலன்சர் ரெண்டையும் ரப்பர்ல தொங்கவிட்டு, ஆர்சி புதுப்பிக்கிற 25-ம் நம்பர் ஃபாரத்த நீங்களே பரிவாகன்ங்கிற அரசு வெப்சைட்ல போட்டு, வண்டிய நீங்களே ஓட்டிட்டுப் போயிக் காட்டுங்க.