அறைக்கதவு தவறுதலாக உள்பக்கம் பூட்டிக்கொண்டால் உடைக்காமல் எப்படித் திறப்பது?

என் மகளுக்கு மூன்று வயது இருக்கும்போது, படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, கைப்பிடி நடுவில் இருந்த பொத்தானை அழுத்திவிட்டாள். திறக்கத் தெரியவில்லை. உள்ளே அவள் அழ, வெளியே நான் கதவைத் தோளால் இடிக்க, அந்தச் சத்தத்துக்கே அவள் இன்னும் மிரண்டு போனாள். "இடிக்கிறத நிறுத்துங்க மாப்பிள்ளை, பிள்ளை பயப்படுது" என்று சொல்லிவிட்டு என் மாமியார் தரையில் படுத்து, கதவிடுக்கு வழியாக அவளிடம் பேச்சுக் கொடுத்தார். அழுகை அடங்கியது. அப்போதுதான் கைப்பிடியை உற்றுப் பார்த்தேன். நடுவில் ஒரு சின்ன ஓட்டை. கொண்டை ஊசியை நிமிர்த்தி நேராக உள்ளே விட்டு அழுத்தினேன். 'டக்'கென்று திறந்துகொண்டது.

அந்த ஓட்டை இப்படிப்பட்ட நேரத்துக்காகவே வைத்தது. படுக்கையறை, குளியலறைப் பூட்டுகள் பெரும்பாலும் திருடனுக்காகச் செய்தவை அல்ல. அதனால் வெளியிலிருந்து திறக்க ஒரு வழி பல பூட்டுகளில் இருக்கும். சிலவற்றில் ஓட்டைக்குப் பதில் ஒரு கீறல் இருக்கும். அதில் நாணய விளிம்பையோ தட்டை முனை ஸ்க்ரூடிரைவரையோ வைத்துத் திருப்பினால் போதும். ஆகவே முதலில் பூட்டைப் பாருங்கள்.

சாவி போடும் பூட்டு, சாவி உள்பக்கமே நிற்கிறது என்றால், கதவுக்கு அடியில் ஒரு செய்தித்தாளைத் தள்ளுங்கள். மெல்லிய கம்பியால் சாவியைக் குத்தினால் தாளில் விழும், இழுத்துக்கொள்ளலாம். துவாரம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை திறந்திருக்கும் பழைய வகைப் பூட்டுகளில்தான் இது நடக்கும். கதவுக்கு அடியில் இடைவெளியும் வேண்டும்.

அடுத்தது பிளாஸ்டிக் அட்டை. பூட்டின் நாக்கு ஒரு பக்கம் சரிவாக இருந்து ஸ்பிரிங்கில் ஓடினால் மட்டுமே இது பலிக்கும். கதவு உங்களை விட்டு உள்நோக்கித் திறப்பதானால் சரிவு உங்கள் பக்கம்தான் இருக்கும். அட்டையை நிலைக்கும் கதவுக்கும் நடுவே செருகி, நாக்கின் மேல் அழுத்தியபடி கதவை லேசாக ஆட்டுங்கள். வங்கி அட்டை வேண்டாம், உடைந்துவிடும். தண்ணீர் பாட்டிலில் வெட்டிய துண்டு நன்றாக வளையும்.

கதவு உங்கள் பக்கம் திறப்பதானால் கீல்கள் பெரும்பாலும் உங்கள் கண்ணுக்கே தெரியும். ஒரு ஆணியைக் கீழிருந்து வைத்துச் சுத்தியலால் தட்டினால் கீலின் ஊசி மேலே எழும்பும். கீழ்க் கீலில் ஆரம்பித்து மேல் கீலைக் கடைசியாக எடுங்கள். கதவு கனமாக இருக்கும், இன்னொருவர் பிடித்துக்கொள்ளட்டும். ஊசி கழற்ற முடியாத கீல்களும் உண்டு.

தாழ்ப்பாள் விழுந்திருந்தால் இவை எதுவும் எளிதாக உதவாது. ஜன்னல் வழியாக நீண்ட கம்பி எட்டுகிறதா பாருங்கள், இல்லையென்றால் தச்சரைக் கூப்பிடுங்கள்.

உள்ளே அடுப்பு எரிகிறது, யாரோ மயங்கிவிட்டார் என்றால் இந்த நிதானமெல்லாம் கூடாது. அவசர உதவிக்கு ஒருவர் அழைக்கட்டும். இன்னொருவர் பூட்டுக்குப் பக்கத்தில் குதிகாலால் உதைக்கட்டும். தோளால் இடித்தால் கதவுக்கு முன்னால் தோள்தான் உடையும்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் தாழ்ப்பாளை அவர்கள் கைக்கு எட்டாத உயரத்துக்கு மாற்றுங்கள். அதுவரை கதவின் மேல் விளிம்பில் தடித்த துண்டு ஒன்றைப் போட்டுவையுங்கள். கதவு முழுதாகச் சாத்தாது.