எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றிதழ் சோதனை) முன் பிரேக் டிஸ்க்: கேள்வி-பதில்

கே: டிஸ்க் எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும்?

எந்த வண்டி, முன்னா பின்னா, ஒன்றும் நீங்கள் எழுதவில்லை. டிஸ்க்கின் விளிம்பிலோ நடுக்குழிப் பக்கத்திலோ ‘மினிமம்’ அளவு பொறித்திருக்கும். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் படியுங்கள். புதிதில் 22 மி.மீ. இருக்கும் முன் டிஸ்க்குக்கு ஏறக்குறைய 20 எல்லை. பைக்கில் 4-க்கு 3.5 மாதிரி.

கே: வெர்னியரில் 21 காட்டுகிறது. மெக்கானிக்கோ மாற்றச் சொல்கிறார். ஏமாற்றுகிறாரா?

உங்களை ஏமாற்றுவது வெர்னியர். பிரேக் பேட் உரசாத விளிம்பு வரப்பு மாதிரி உயர்ந்து நிற்கும். வெர்னியரின் தாடை அதன்மேல் உட்கார்ந்துவிட்டது. மைக்ரோமீட்டர் வையுங்கள். விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே, சுற்றிவர எட்டு இடம். கிடைப்பதில் சிறிய எண்தான் கணக்கு, சராசரி அல்ல.

கே: பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது. நாளை மறுநாள் எஃப்.சி. லேத்தில் கடைசல் கொடுத்தால் போதுமா?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. கடைசலுக்கு முன் அளந்தீர்களா? எல்லை 20, உங்களுடையது 20.4 என்றால், பக்கத்துக்கு 0.2 எடுத்ததுமே டிஸ்க் தீர்ந்தது. அதற்கப்புறம் தேய இடமேது? மெலிந்த டிஸ்க் சூடு தாங்காது. ஏற்காட்டிலிருந்து இறங்கினால் உதறல் திரும்பி வரும்.

இன்னொன்று: லேத் சக்கில் நேராகச் சுற்றியது ஹப்பிலும் (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டும் நடுப்பகுதி) நேராகச் சுற்றும் என்று யார் சொன்னது? ஹப் முகத்தில் ஒரு துருச் செதில் கிடந்தாலே டிஸ்க் கோணும். முதலில் டிஸ்க்கைக் கழற்றி ஹப்பைச் சுத்தம் செய்யுங்கள். மாட்டி, நட்டுகளை எதிரெதிராக டார்க் ரெஞ்சில் முறுக்கி, டயல் கேஜில் ரன்-அவுட் (சுற்றும்போது டிஸ்க் பக்கவாட்டில் ஆடும் அளவு) பாருங்கள். சுமார் 0.05 மி.மீ.க்குள் இருந்தால் கோணல் இல்லை. அப்புறம் தடிமன் இடத்துக்கு இடம் மாறுகிறதா என்று மைக்ரோமீட்டர் சொல்லும். மாற்றுவதானால் இரண்டு பக்கமும் ஜோடியாக. ஒற்றை டிஸ்க் வாங்கிக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

கே: உள் பேட் தீர்ந்துவிட்டது, வெளி பேட் பாதி இருக்கிறது.

காலிப்பர் (பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) நகர்வதற்கான ஸ்லைடு பின் இறுகியிருக்கும். கழற்றித் துடைத்து, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். பேரிங் கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிவிடும். டிஸ்க்கின் உள்முகத்தையும் பாருங்கள்; வெளிமுகம் பளபளவென்றுதான் இருக்கும்.

கே: எஃப்.சி.க்கு முந்தின நாள் புது டிஸ்க், புது பேட் போடலாமா?

வேண்டாம். பேட் படியாமல் ரோலர் சோதனையில் பிடிப்பு குறைவாகக் காட்டும். ஒரு வாரம் முன்பே போடுங்கள். டிஸ்க்கின் எண்ணெய்ப் பூச்சை பிரேக் கிளீனரால் துடைத்த பிறகே பேட். பிறகு 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை, இடையிடையே ஆறவிட்டு, இருபது தடவை நிதானமாகப் பிடியுங்கள்.

கே: வாட்டர் வாஷ் கொடுத்த மறுநாள் டிஸ்க் முழுக்கத் துரு!

நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். அதற்கா கடிதம்?