ரத்தத்தில் ஈயம் 7: "நார்மல்" என்று விட்டுவிடலாமா?

சகோதரி, மூணு வயசுப் பொண்ணுக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஈயம் 7 மைக்ரோகிராம், லேப் தாளில் "10க்குக் கீழே நார்மல்" என்று இருக்கு, வீட்டுக்காரர் பேட்டரி கடையில் வேலை என்று எழுதியிருந்தீங்க. அந்த 10 பழைய கணக்கு. அமெரிக்காவில் 2012-ல் அதை 5 ஆக்கி, 2021-ல் 3.5 ஆகக் குறைச்சிட்டாங்க. 5 தாண்டினாலே காரணத்தைத் தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று ஒன்றுமே தெரியவரலை என்பதுதான் அவங்க நிலைப்பாடு.

பயந்துடாதீங்க. ஈயத்தை வெளியேற்றும் மருந்தெல்லாம் பொதுவா 45க்கு மேலேதான். ஆனா "கொஞ்சம்தானே" என்ற கணக்கு இங்கே செல்லாது. ரத்தத்தில் இருக்கும் ஈயம் பாதியாகக் குறைய ஒரு மாசம் போல ஆகும். எலும்பில் போய் உட்கார்ந்தது வருஷக்கணக்கா இருக்கும். தினமும் துளித்துளியா வருவதை நிறுத்துவதுதான் வைத்தியம்.

எனக்கு முதல் சந்தேகம் உங்க வீட்டுக்காரர் சட்டை மேல்தான், பேட்டரியில் இருக்கும் ஈயத்தூசி அதில் ஒட்டி வீட்டுக்கு வரும். கடையிலேயே குளிச்சு, உடை மாத்தி, செருப்பையும் அங்கேயே விட்டுட்டு வரட்டும். அந்தத் துணியைத் தனியா துவைங்க. வீட்டைப் பெருக்காம ஈரத்துணியால துடைங்க. பெருக்கினா தூசி பறக்கும். குழந்தைக்கு இரும்புச்சத்து, கால்சியம் குறைஞ்சா உடம்பு ஈயத்தை அதிகமா இழுக்கும், டாக்டரிடம் அதையும் பார்க்கச் சொல்லுங்க. விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தம்னா, நரம்பில் எடுத்து ஒருமுறை உறுதி செய்யுங்க. மூணு மாசத்துக்குள்ள மறுபடி டெஸ்ட். அவருக்கும் எடுங்க.

மாமியாரின் ஈயச்சொம்பைக் கேட்டீங்களே, அது வெள்ளீயம், ரத்தத்தில் வந்திருக்கும் காரீயம் இல்லை, வேற உலோகம். காரீயக் கலப்படம் இருக்கலாம் என்பதால மறு டெஸ்ட் வரை அதில் ரசம் வேண்டாம்.